மூன்றாவது துண்டு

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக ஓர் அம்மாள் இருந்தார். ஏதாவது உடைந்தால் அவர் உடனே பெருக்க மாட்டார். துடைப்பத்தையும் முறத்தையும் கொண்டுவந்து உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். "யாரு?" என்று ஒரே ஒரு தடவை கேட்பார். அதன்பிறகு பேச்சில்லை. உடைத்தவர் வாயைத் திறக்கும்வரை கண்ணாடித் துண்டுகள் தரையிலேயே கிடக்கும். நாங்கள் தாண்டித் தாண்டிப் போவோம்.

ஒருமுறை சாயக் குப்பி விழுந்து தரையெல்லாம் நீலமாகிவிட்டது. காலையில் விழுந்தது. மதியச் சாப்பாட்டு வேளைவரை துடைப்பத்தோடு நின்றார். கடைசியில் ரத்தம் எடுக்கும் ஊழியர் பொறுக்க முடியாமல், "நான்தான்க்கா, முழங்கை பட்டுடிச்சு. இப்ப இன்னான்றே? தூக்குல போடப் போறியா?" என்று கத்தினார்.

"அட, இதுக்கா இவ்ளோ நேரம் பேஜார் பண்ணே? நவுரு அந்தாண்ட" என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மாள் குனிந்து துடைக்க ஆரம்பித்தார். முதலாளியிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. யார் கொட்டியது என்று அந்த அம்மாளுக்குக் காலையிலேயே தெரியும். அந்த ஊழியரின் செருப்புத் தடம் நீலமாக வாசல்வரை போயிருந்தது.

"தெரிஞ்சா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"அவன் தப்பை நான் எப்டி சார் சொல்றது? அவன் வாயால வரணும். நான் சொன்னா அது கோள்."

தன்னுடைய தப்பு என்றால் அவர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க மாட்டார். இரண்டு பெண்களின் சிறுநீர்ப் புட்டிகளில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார் ஒரு நாள். கர்ப்பமில்லாத பெண்ணுக்குக் கர்ப்பம் என்று முடிவு போய்விட்டது. கணவன் வந்து வரவேற்பில் இருந்த பெண்ணைப் பிடித்துக்கொண்டு கத்தினான். முதலாளி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் கையுறையைக் கழற்றிவிட்டு முன்னால் போய், "மாத்தி ஒட்னது நான். திட்றதுன்னா என்னைத் திட்டு, இந்தப் பொண்ணை வுட்டுடு" என்றார். அவன் கால் மணி நேரம் திட்டினான். நடுவில் அவனுக்குத் தொண்டை கட்டியது. "தண்ணி குட்சிட்டு திட்டு அண்ணா" என்று தம்ளரை நீட்டினார். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேற்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது அந்தக் கூடம். நான் அங்கே நோய்க்குறியியல் மருத்துவர். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து என்ன நோய் என்று எழுதுவது என் வேலை. அதைப் பார்க்கும்படி ஆக்கித் தருவது அந்த அம்மாளின் வேலை. சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, அந்த மெழுகுக் கட்டியை இயந்திரத்தில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகச் சீவுவார். சீவல் சுருங்கியிருக்கும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்க விட்டால் விரியும். விரிந்ததைக் கண்ணாடியில் ஏந்தி எடுத்துச் சாயம் ஏற்றுவார். சீவும்போது மூச்சை நிறுத்திக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது தும்மினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். தும்மியவர் வெளியே போய்விடுவார்.

அவரைப் போலச் சீவுகிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதை ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. அவர் ஆங்கில வார்த்தைகளைச் சொல்லும் விதத்தைத் திருப்பிச் சொல்லிக்காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதை நகைச்சுவை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பக்கத்துக் கல்லூரியிலிருந்து விலங்கியல் மாணவர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். சிறுநீரகம் நாள்பட்டுக் கெடும்போது அதில் விழும் தழும்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பிடித்த விஷயம். அந்த அம்மாள் சாப்பிடப் போயிருந்தார். சாயமேற்றிய கண்ணாடிகள் என்னிடம் தயாராக இருந்தன. ஆனாலும் கண்முன்னே சீவிக் காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள் என்று ஓர் ஆசை. முழுக்கத் தழும்பாகிச் சுருங்கிப்போன ஒரு பழைய சிறுநீரகத்தின் மெழுகுக் கட்டியை அலமாரியிலிருந்து எடுத்தேன். இயந்திரத்தில் வைத்துச் சீவினேன். வெந்நீரில் மிதக்க விட்டேன். ஒன்றை ஏந்தி எடுத்து எல்லோருக்கும் காட்டினேன்.

ஒரு சீவல் வேலை முடிந்ததும் தண்ணீரின் மேற்பரப்பை மெல்லிய தாளால் வழித்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தைய நோயாளியின் துணுக்கு ஏதாவது மிதந்துகொண்டிருந்து, அடுத்த நோயாளியின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மாள் சாப்பிடப் போகுமுன் வழித்துவிட்டுத்தான் போயிருந்தார். நான் வழிக்கவில்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு நுண்ணோக்கிக்குப் போய்விட்டேன்.

அங்கே அவர்களுக்குச் சொன்னது இது. தழும்பு விழுந்த இடம் இந்தச் சாயத்தில் நீலமாகத் தெரியும். அந்த நீலத்தைப் போடுவது வெளியிலிருந்து வந்த எதிரி இல்லை. சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுற்றி, அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சில செல்கள் இருக்கின்றன. குழாய் நிலைத்து நிற்பதே அவற்றின் பிடியால்தான். இடுக்குகளில் இன்னும் சில, அதே இனத்தவை, சத்தமில்லாமல் கிடக்கின்றன. சிறுநீர் ஓடும் பாதையில் காயம் பட்டால் அங்கிருந்து ஓர் அழைப்பு வருகிறது. இவை பிடியை விட்டு நகர்கின்றன, பெருகுகின்றன, நார் நூற்கின்றன. சிறு காயம் என்றால் அதோடு வேலை முடிந்தது. காயம் நிற்காமல் பட்டுக்கொண்டே இருந்தால் இவையும் நிறுத்துவதில்லை. நாராலேயே அந்த இடம் அடைந்துபோகிறது. சிறுநீர்ப் பாதையின் செல்களே உருமாறி நார் நூற்பவையாகின்றன என்றுதான் பல வருடம் நான் சொல்லிக்கொடுத்தேன். அது பெரும்பாலும் சரியில்லை என்று பிறகு தெரிய வந்தது. அதையும் மாணவர்களிடம் சொன்னேன்.

அந்த அம்மாள் சாப்பிட்டு வந்து கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சார், குழாயைப் புடிச்சிக்கினு கீறவன் வுட்டுட்டுப் போனா, அந்தக் குழாய் இன்னா ஆவும்?"

எட்டு மாணவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. "கொஞ்ச நாள்ல அதுவும் அழிஞ்சிடும்" என்றேன்.

"அப்ப நல்லது பண்றேன்னு நெனச்சிக்கினே ரெண்டு பக்கமும் கெடுக்கறான்."

மாணவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொன்ன எதையும் அவள் எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை. எனக்குச் சுருக்கென்றது.

அவர்கள் போனபின் அந்த அம்மாள் அன்றைய வேலையை எடுத்தார். திருமுடிவாக்கத்தில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் பட்டறையில் வேலை பார்த்த இருபத்து மூன்று வயது இளைஞனின் சிறுநீரகத் துணுக்கு. கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவன். ஊசியால் குத்தி நூல் போல இரண்டு துண்டு எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் காலை நான் கண்ணாடியைப் பார்த்தபோது அதில் மூன்று துண்டுகள் இருந்தன. இரண்டில் அழற்சி. மூன்றாவது அடர்ந்த நீலம். அந்த அம்மாள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சார், அந்த மூணாவது துண்டு இந்தப் பையனோடது இல்ல. ரெண்டும் ஊசில எடுத்தது, ஒல்லியா கீது. இது ஒரு பக்கம் கத்தில அறுத்த மாதிரி நேரா கீது. கட்டியை இன்னும் கொஞ்சம் உள்ள சீவிப் பாத்தா தெரிஞ்சிடும். பத்து நிமிஷம் சார்."

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றேன்.

"வாங்க டாக்டரம்மா. இனிமே இந்த நாற்காலி உங்களுக்கு. நான் போய்ப் பாத்திரம் கழுவறேன்."

சிரிப்பு. அது போதாதென்று, "சீவத் தெரிஞ்சா நோய் தெரிஞ்சதாயிடுமா? கறிக்கடைக்காரர்கூட நல்லாத்தான் வெட்டறார்" என்றேன்.

அவர் முகம் மாறவில்லை. "சாப்ட்டு வந்து தண்ணியை நான் மறுபடி வழிக்கல சார். வழிச்சிருக்கணும். அது என் தப்பு. ஆனா துண்டு என்னுது இல்ல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கணத்தில் எனக்குத் தெரியாது என்று பல வருடம் எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். தெரியும். முந்தின நாள் தொட்டியில் நான் மிதக்க விட்டது கண்முன்னால் வந்தது. எட்டு மாணவர்கள் முன்னால் செய்த வித்தையின் மிச்சம் என்று, இத்தனை பேர் முன்னால், அதுவும் அவரிடம் சொல்வதா? உட்கார்ந்து முடிவை எழுதினேன். பாதிக்கு மேல் தழும்பு என்று எழுதினேன்.

அழற்சிக்கு மருந்து உண்டு. கடுமையான மருந்து. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. தழும்பான பிறகு அதைக் கொடுத்தால் பலனில்லை, உடம்பில் தொற்றுதான் சேரும். என் முடிவைப் படித்த சிறுநீரக மருத்துவர் அதைக் கொடுக்கவில்லை. அவர் மேல் தவறில்லை.

முடிவை வாங்க அந்த இளைஞனின் அம்மா வந்தார். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கிறவர். எழுதியவரையே பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். உள்ளே அழைத்தேன். அந்த அம்மாளும் கண்ணாடித் தட்டோடு அங்கே இருந்தார்.

"சிறுநீரகம் தழும்பாயிடுச்சும்மா" என்றேன்.

"தழும்புன்னா ஆறிப்போச்சுன்னுதானே சார்?" முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.

"தோல்ல அப்படி. சிறுநீரகத்துல தழும்புன்னா அந்த இடம் போச்சுன்னு அர்த்தம். அதுக்கு மருந்து கிடையாது."

அவர் தடுமாறினார். அந்த அம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே என்னைப் பார்த்தார். நான் அடுத்த கண்ணாடியை எடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை என் மேசைமேல் அந்த இளைஞனின் மெழுகுக் கட்டி இருந்தது. பக்கத்தில் பிரிக்காத புது பிளேடு ஒன்று. ஒரு வார்த்தை இல்லை. மாலையில் அந்த அம்மாள் வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த திங்களும் அப்படியே. அதற்கடுத்ததும். நான் அதை நகர்த்திவிட்டு டீ குடிப்பேன். மூன்று மாதம் போயிற்று. ஒரு நாள் பொறுமை போய், "இது என்ன வாராவாரம் பூஜையா?" என்று கத்தினேன்.

"நீங்க சொன்னா சீவறேன் சார்."

கட்டியை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதன்பிறகு திங்கட்கிழமைகளில் வெறுங்கையோடு வந்து மேசை முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார்.

ஒரு வருடம் ஆகப்போகும்போது வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் கட்டியைக் கேட்டு அனுப்பினார்கள். கொடுக்காமல் இருக்க முடியாது. அவர்கள் உள்ளே சீவிப் பார்த்தார்கள். இரண்டே துண்டுகள்தான் இருந்தன. நீலம் எங்கோ ஓரிடத்தில் கொஞ்சம். அங்கிருந்த மருத்துவர் எங்கள் முதலாளிக்குப் போன் செய்தார். அதற்குள் அந்த இளைஞனின் இரண்டு சிறுநீரகமும் உண்மையாகவே தழும்பாகிவிட்டிருந்தன. நான் பொய்யாக எழுதியது மெய்யாகியிருந்தது. இனிச் சொல்லி என்ன பயன் என்று யாரும் குடும்பத்துக்கு உண்மையைச் சொல்லவில்லை. முதலாளி அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.

என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். நல்ல தமிழில், நல்ல கையெழுத்தில் எழுதினேன். பொய் எதையும் எழுதவில்லை. "அன்று தொட்டியின் நீரை வழிக்கவில்லை என்று உதவியாளரே எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார்" என்று எழுதினேன். அவர் தானாக வந்து சொன்ன வாக்கியத்தையே எடுத்து அவர் மேல் வைத்தேன்.

முதலாளி அவரை அழைத்து அதைப் படித்துக் காட்டினார். நானும் இருந்தேன்.

"நீங்க சொன்னதுதானே இது?"

"நான் சொன்னதுதான் சார். பாதிதான் எழுதிக் கீது."

"மீதி என்ன?"

அவர் என் பக்கம் திரும்பினார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி மறுபடி கேட்டார். "மீதி என்னுது இல்ல சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். பதினாறு வருட வேலை. பிறகு ஒரு பல் மருத்துவமனையில் கருவி கழுவும் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

நான் ஓய்வு பெற்றேன். இப்போது எழுபத்திரண்டு. சில மாதம் முன்பு தாம்பரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் ஒரு பெண் என்னை நிறுத்திக் கும்பிட்டார். "சார், நல்லா கீறீங்களா?" என்றார். அந்த இளைஞனின் அம்மா. பெரும்பாக்கம் குடியிருப்பில் வீடு கிடைத்திருக்கிறது என்றார். மகனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றார். பிளாக்கும் கதவு எண்ணும் சொல்லி, ஒருநாள் வந்து அவனுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துப் புறப்பட்டேன். பெரும்பாக்கத்துக்குப் போகவில்லை. அந்த அம்மாளைத் தேடி இரும்புலியூருக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், வூடு கண்டுபுட்ச்சிட்டீங்க?" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு என்னுடையது என்றேன். தெரிந்தேதான் எழுதினேன் என்றேன். அவர் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. முடித்ததும் நிமிர்ந்தார்.

"இதை எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க."

பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் எனக்கு மூச்சு திரும்பும்வரை நின்று, பிறகு ஏறினார். கதவைத் திறந்த தாய்க்கு இரண்டு பேரையும் பார்த்ததில் சந்தோஷம் தாங்கவில்லை. "டேய், யாரு வந்துகீறாங்க பாரு!" என்றார். கட்டிலில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான். கையில் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. தலைமாட்டில் ஒரு சின்ன பாட்டில். அன்றைய நாளுக்கு அவன் குடிக்கலாம் என்கிற தண்ணீர் அவ்வளவுதான்.

"எவ்ளோ டாக்டருங்களைப் பாத்தோம் சார். ஒளிக்காம உள்ளதை உள்ளபடி சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்று அந்தத் தாய் எனக்குக் காபி கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். உப்பைக் குறைக்கச் சொன்னேன். வாழைப்பழம் வேண்டாம் என்றேன். பிறகு எழுந்தேன்.

அந்த அம்மாள் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

"சார் ஒண்ணு சொல்லணும்னு வந்துகீறாரு. சொல்லிட்டுப் போவாரு."

சொன்னேன். நின்றபடியே சொன்னேன். உன் சிறுநீரகத்தில் அன்று தழும்பு இல்லை, நான் போட்ட வேறொருவர் துண்டைப் பார்த்து எழுதினேன் என்று சொன்னேன். முழுதாகப் புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்ப மருந்து குடுத்திருந்தா?" என்று அவன் கேட்டான்.

"கேட்டிருக்கலாம்பா. கேக்காமலும் போயிருக்கலாம்."

"குடுத்துப் பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருக்கலாம்."

அவன் படுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். அந்தத் தாய் என்மேல் பாய்வார் என்று நினைத்தேன். அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு என் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தே. என் கையைப் புடிச்சிக்கினே. உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அவரு வாயால..." அந்த அம்மாளால் முடிக்க முடியவில்லை. அவர் பேச்சு நடுவில் நின்று நான் கேட்டது அன்றுதான்.

"அவரு வாயால வர்ற வரைக்கும் என் புள்ளை கிட்னி நிக்குமாடி? ஒரு வருசம் அவர் வாயையே பாத்துகினு இருந்தியா? அவரு பெரிய மனுசன், மானம் போயிடும்னு மறைச்சாரு. நீ யாரு? நீ நம்மாளுதானே? ஒரு வார்த்தை என் காதுல போட்டிருந்தா நான் எந்த ஆஸ்பத்திரி வாசல்லயாவது விழுந்திருப்பேனே!"

அந்த அம்மாள் அண்ணாந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்லியிருக்கலாம். மறுபடி சீவிப் பார்க்கலாம் என்று இந்தப் பெண் அன்றே கேட்டார், நான் எல்லோர் முன்னாலும் கேவலப்படுத்தினேன். வாராவாரம் கட்டியைக் கொண்டுவந்து வைத்தார், நான் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். என் பேச்சில் இவை எதுவும் வரவில்லை. ஒரு தவறு நடந்ததைச் சொன்னேனே தவிர, அதைத் திருத்த ஒருவர் முயன்றதைச் சொல்லவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை.

அந்த அம்மாள் தானாகவே எழுந்து தாழ்ப்பாளை நீக்கினார்.

"நீங்க கெளம்புங்க சார்" என்றார் அந்தத் தாய், அப்போதும் மரியாதையாக. பிறகு அவரைப் பார்த்து, "நீ இரு" என்றார்.

வெளியே வந்தேன். கதவு மூடியது. நாலாவது மாடிவரை தாயின் குரல் கேட்டது. அந்த அம்மாளின் குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. படி இறங்க இறங்க எனக்கு உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. அந்தக் கோபம் என்னைத் தாண்டிப் போய்விட்டது என்கிற நிம்மதி அது. இத்தனை பக்கம் எழுதியது இதை ஒப்புக்கொள்ளத்தான். கீழே தாம்பரம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. உட்கார இடமும் இருந்தது. ஏறிக்கொண்டேன்.